களைவெட்டில் பாடிய இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்து இருந்த ஒரே பொருள் உரச்சாக்கு. யூரியா தீர்ந்த பிறகு, நாங்கள் கூலிக்குப் போகிற காட்டுக்காரர் தூக்கிப் போட்ட சாக்குகளை அம்மா அலசிக் காயவைத்து, நாலைந்தைச் சேர்த்துத் தைத்துப் படுதா ஆக்கியிருந்தார். படுப்பது அதன்மேல்தான். ஒரு மூலையில் 'யூஸ் நோ ஹூக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கொக்கி போட்டு இழுக்காதே என்று அதற்கு அர்த்தம். அந்த அர்த்தம் எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால். பத்தாவதில் இங்கிலீஷில் போய்விட்டது என்று தெரிந்த அன்று மத்தியானம் அந்த எழுத்தின் மேல் குப்புறப் படுத்துத்தான் அழுதேன். தொண்ணூற்றாறாம் வருடம்.

மார்க் பட்டியல் வந்தபோது மற்ற பாடம் எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். கணக்கில் எங்கள் வகுப்புப் பையன்களைவிட அதிகம். இங்கிலீஷ் மட்டும் காலை வாரிவிட்டது. "இங்கிலீஷ் மட்டுந்தானே" என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அந்த 'மட்டுந்தானே'யைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு சுவரும் இருக்கிறது, கூரை மட்டுந்தானே இல்லை என்று வீட்டுக்காரனிடம் யாராவது ஆறுதல் சொல்வார்களா?

அழுததற்குக் காரணம் மார்க் இல்லை, பால்வாடி. எங்கள் ஊர் பாடாலூருக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் தெரு ஊரிலிருந்தும் கொஞ்சம் தள்ளி. அந்தத் தெருக்கோடியில்தான் பால்வாடி. ஒற்றை அறை, வெளியே ஒரு அடுப்பு, உள்ளே ஒரே ஒரு இரும்பு மடக்கு நாற்காலி. டீச்சர் வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். பிள்ளையை விட வருகிறவர்கள், சத்துமாவு வாங்க வருகிற பிள்ளைத்தாய்ச்சிகள், பிள்ளைக்கு ஏன் எடை குறைந்தது என்று கேட்கக் கூப்பிடப்பட்ட அப்பாமார்கள், எல்லோரும் அதற்கு முன்னால் நின்றுகொண்டே பேசுவார்கள். நிற்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை, எங்கே போனாலும் நிற்கத்தான் செய்தோம். ஆனால் இந்த நாற்காலி எங்கள் தெருவிலேயே கிடந்தது. அதில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

டீச்சருக்கு இன்னும் சில வருடம்தான் வேலை என்றும், அந்த இடத்துக்கு உள்ளூரில் பத்தாவது பாஸ் பண்ணிய பெண் இருந்தால் அவளுக்குத்தான் முதலில் என்றும் பஞ்சாயத்து கிளார்க் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா கிரஷரில் ஜல்லி அள்ளுகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் சொன்னார்.

"அந்த நாக்காலில எம் மவ உக்காரணும். நான் போயி முன்னாடி நின்னு பாக்கணும்."

அதற்கப்புறம் ஒரு நாள் அந்த நாற்காலியின் கால் ஒன்று பெயர்ந்துவிட்டது. டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அப்பா அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி கிரஷருக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த வெல்டரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பற்றவைத்து எடுத்து வந்தார். டீச்சர் ரொம்ப நன்றி சொன்னாராம். அப்பா அதை டீச்சருக்காகச் செய்யவில்லை. நான் போய் உட்காரும்வரை அது தாங்கவேண்டும் என்றுதான் செய்தார். பற்றவைத்த இடத்தில் கட்டி கட்டியாக ஈயம் வழிந்து காய்ந்தது மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அதில்தான் விழும்.

சும்மா ஒரு தடவை மறுபடி எழுதிப் பார்த்தேன், அதுவும் போச்சு. அடுத்த வருடம் அப்பா என்னை டுடோரியலில் சேர்த்தார். பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடையின் மாடியில் அது நடந்தது. கீழே இருந்து உர நெடி மேலே வரும். எனக்கு அது வீட்டு வாசனை மாதிரியே இருந்ததால் மற்றவர்கள் மூக்கைப் பொத்தும்போது எனக்குக் கோபம் வரும். காலையிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அம்மாவோடு களைவெட்டு, அப்புறம் ஓடிப்போய்க் குளித்து, பஸ் பிடித்து, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு.

டுடோரியல் மாஸ்டர் நல்ல மனுஷர்தான். எங்களைத் திட்டமாட்டார். ஆனால் எங்களுக்கு இங்கிலீஷ் வரும் என்கிற எண்ணம் அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால் எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாமலேயே பாஸ் பண்ணவைப்பதற்கு வழி வைத்திருந்தார். கோடிட்ட இடத்தில் சரியான வினைச்சொல்லை நிரப்பு என்று ஒரு கேள்வி வரும். வெட்டு, வெட்டினான், வெட்டியிருந்தான் என்பது மாதிரி சொல்லை மாற்றிப் போடவேண்டும். கூடவே மஸ்ட், குட், மே, ஷுட், வுட், கேன் என்கிற உருப்படிகளில் எது எங்கே உட்காரும் என்று தெரியவேண்டும். அது எங்கள் ஒருத்திக்கும் தெரியாது. ஒரு தடவை நான் எழுந்து மஸ்டுக்கும் ஷுடுக்கும் என்ன சார் வித்தியாசம் என்று கேட்டேன். அர்த்தத்துக்குள்ளே போனால் அக்டோபர் பரீட்சை போய்விடும், உட்கார் என்றார். புத்தகத்தின் பின்னால் இருக்கிற பத்து வாக்கியப் பயிற்சி ஒன்று ரொம்ப நாளாக வரவில்லை, இந்தத் தடவை வந்தே தீரும் என்று சொல்லி, விடைகளை மட்டும் வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். வாக்கியத்தைப் பார்க்கவேண்டாம். ஒன்றுக்கு மஸ்ட், இரண்டுக்கு குட், மூன்றுக்கு வென்ட், நாலுக்கு ஹேட் பீன் என்று அப்படியே இறக்கினால் போதும்.

அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த பெண். அவளுக்கும் இங்கிலீஷ் மட்டுந்தான். அவள் அண்ணன்மார் இரண்டு பேரும் துபாயில். அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பத்தாவது பாஸா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார்களாம். அதற்காக அவளுடைய அப்பா, அவள் வாய்க்கு அத்தா, இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் நிக்காஹ் நடக்கும். அதனால் அவள் மாஸ்டர் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதுவதோடு சரி, மனப்பாடம் செய்வது கிடையாது. கொட்டாவி விட்டுக்கொண்டு வாக்கியங்களைப் படித்துப் பார்ப்பாள். சிலதுக்குச் சரியாகவே சொல்லிவிடுவாள். எப்படிடி என்று கேட்டால், எல்லாம் டப்பாவில் இருக்கிறது என்பாள். அவர்கள் வீட்டில் பால் பவுடர் டப்பா, தைல பாட்டில், ஷாம்பு, பூச்சி மருந்து எல்லாம் துபாயிலிருந்து வந்தவை. சின்ன வயதிலிருந்து சாப்பிடும்போது முன்னால் இருக்கிற டப்பாவை அண்ணன் படிக்கச் சொல்வானாம். குலுக்கவேண்டும், தொடக்கூடாது, தலைசுற்றல் வரலாம் என்று அவளுக்கு இந்த 'மஸ்ட், ஷுட், மே' எல்லாம் சோற்றோடு உள்ளே போயிருந்தது. நான் உரச்சாக்கை நினைத்துக்கொள்வேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மனப்பாடம். மனப்பாடத்துக்கு எனக்கு இருந்த நேரம் களைவெட்டு நேரம் மட்டும்தான். முதலில் வெங்காயக் காடு, அப்புறம் பருத்திக் காடு. குனிந்தபடி களைக்கொத்தைப் போடும்போது வாய்க்குள்ளேயே 'மஸ்ட், குட், வென்ட்' என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். எங்கள் களைவெட்டுக் கூட்டத்தில் முன்பாட்டு பாடுகிறவர் என் பெரியம்மா. அவர் ஒரு வரியை எடுத்துவிட்டால் மற்றவர்கள் திருப்பிப் பாடவேண்டும். பாட்டின் வேகத்துக்குத்தான் கை போகும். பெரியம்மா இல்லாத அன்று எங்களுக்கு வேலையே ஓடாது.

என்னடி தேனீ மாதிரி முணங்குற, வாயைத் திறந்து பாடு என்றார் பெரியம்மா. இது பாட்டு இல்லை, பரீட்சை என்றேன். பரீட்சையாக இருந்தாலும் பாடு என்றார். பாடினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பெரியம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாம் தடவை எடுத்துவிட்டார். மற்றவர்கள் திருப்பினார்கள்.

அப்புறம் அது அவர்கள் பாட்டாகிவிட்டது. குட்டு, சுட்டு, வுட்டு என்று எல்லாம் நம் பேச்சாகவே இருக்கிறதே, இதற்கா இந்தப் பிள்ளை பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போகிறது என்று ஒருத்தி கேட்டாள். குட்டு வாங்கினதும் நாம்தான், வெயிலில் சுட்டுக் கிடப்பதும் நாம்தான் என்று இன்னொருத்தி சொல்ல, காடே சிரித்தது. அம்மா சிரித்தபடி என்னைப் பார்த்தார். என் படிப்பில் அம்மா உள்ளே வந்து நின்றது அந்த ஒரு இடத்தில்தான். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தனை பெண்களும் என்னோடு பரீட்சைக்கு வருகிற மாதிரி இருந்தது.

களைவெட்டுப் பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. கொத்து இறங்கும்போது சின்னச் சொல் வரவேண்டும். நிமிர்ந்து மூச்சு விடும்போது நீளமான சொல் வரவேண்டும். 'ஹேட் பீன்' வந்த இடம் கொத்து இறங்குகிற இடம். அங்கே அது நாக்கில் இடறியது, கை நின்று போனது. பெரியம்மா அதை நிற்கவிடுவாரா? எந்தப் பாட்டாக இருந்தாலும் இடறுகிற சொல்லைத் தூக்கி மூச்சு விடுகிற இடத்தில் வைப்பது அவர் பழக்கம். இதையும் அப்படித்தான் செய்தார்.

"மஸ்ட்டு குட்டு வென்ட்டு மேயி, சுட்டு கேமு ஹேட்டு பீனு, வுட்டு கேனு ஈசு கோயிங்."

அப்படி மாறியது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். ஆனால் தெரியவில்லை. ஒரு பருத்திக் காட்டுப் பெண்கள் மொத்தமும் காலையிலிருந்து ஒரு வரிசையில் பாடும்போது, மாஸ்டரின் கரும்பலகை வரிசை எத்தனை நாள் தாங்கும்? பரீட்சைக்கு முந்தின வாரம் கைடைப் புரட்டியபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்கிற தைரியம்.

பரீட்சை அரியலூரில். தனியாக எழுதுகிறவர்களுக்கு அங்கேதான் சென்டர் போட்டிருந்தார்கள். பெரம்பலூரிலிருந்து பஸ். முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். ரோட்டோர மரங்கள் எல்லாம் சாம்பல் பூசி நிற்கும். அப்பா கிரஷருக்கு லீவு சொல்லிவிட்டு என்கூட வந்தார். ஹாலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். உட்காருங்கப்பா என்றால், நீ எழுதி முடி என்றார்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். மாஸ்டர் சொன்ன அதே பயிற்சி. அதே பத்து வாக்கியம், அதே வரிசை. அவ்வளவு அதிர்ஷ்டம் அதற்கு முன்னாலும் எனக்கு வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. பேனாவைத் திறந்தேன். உள்ளே பெரியம்மா எடுத்துவிட்டார், காடு திருப்பிப் பாடியது, என் கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. களைக்கொத்து போடுகிற வேகத்தில் பத்தையும் எழுதி முடித்துவிட்டு மற்ற கேள்விகளுக்குப் போனேன். அந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. படிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பரீட்சை முடிந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். சிநேகிதியும் அவளுடைய அத்தாவும் எங்கள் பஸ்ஸுக்குத்தான் வந்தார்கள். அப்பா டீ வாங்கப் போயிருந்தார். அவள் கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு நாலாவதுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டாள். மே என்றேன்.

"மேயா? ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு ஒரு வாரமா ஒடம்பு முடியாம இருந்தாருன்னு போட்டிருக்குடி. ஒடம்பு முடியாம இருந்த ஆளுக்கு மே எப்பிடிடி வரும்?"

நான் ஐந்தாவதைப் பார்த்தேன். ஆறாவதைப் பார்த்தேன். நாலிலிருந்து ஏழு வரைக்கும் நாலு விடையும் இடம் மாறியிருந்தது. அவள் தாளை மடித்துவிட்டாள். எனக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் விளங்கியது. பெரியம்மா நிமிர்ந்து மூச்சு விடுகிற இடம் கண்முன்னால் வந்தது. அப்பா டீ டம்ளரோடு வந்து, எப்படி எழுதியிருக்கே என்று அவளைக் கேட்டார், சுமார்தாங்க மாமா என்றாள். என்னைக் கேட்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு எழுதியதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாராம். அதனால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் காட்டில் பெரியம்மா கேட்டார், நம்ம பாட்டு வந்துச்சாடி என்று. வந்துச்சு பெரியம்மா என்றேன். அப்ப பாஸ்தான் என்று சொல்லிவிட்டுப் பாட்டை எடுத்தார். எல்லோரும் திருப்பினார்கள். நானும்தான் பாடினேன். வேறு என்ன செய்யமுடியும்?

ரிசல்ட் வந்தபோது நாலு மார்க்கில் போயிருந்தது. சிநேகிதி பாஸ். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவளுக்கு அது வேண்டியதே இல்லை. அந்தச் சர்ட்டிபிகேட்டை அவள் பீரோவில் சேலைக்கு அடியில் வைக்கப்போகிறாள். நிக்காஹுக்கு அழைப்பதற்கு அவளும் அவளுடைய அத்தாவும் ஒரு பை பேரீச்சம்பழத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். தனியாக இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு மட்டும் மாத்த முடிஞ்சா அத ஒனக்கே குடுத்துருவேன்டி. அல்லா சத்தியமா."

நிஜமாகத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்கமுடியவில்லை. ஆத்திரம் போய்விட்டது, அழுகை மட்டும் மிச்சம்.

காட்டில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். பேப்பர் திருத்துகிறவன் ஏதோ பண்ணிவிட்டான் என்று பெரியம்மா முடிவு கட்டினார். இத்தனை பேருக்கும் தெரிந்த விடை எனக்கு மட்டும் தெரியாமல் போகுமா என்பது அவர் நியாயம். அந்த நியாயத்துக்கு எதிராக நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பெரியம்மா அப்புறம் எந்தப் பாட்டையும் எடுத்திருக்கமாட்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. கை சீராகப் போகிறது என்று காட்டுக்காரரே அதைக் கேட்டுப் பாடச் சொல்வார். அடுத்த வருடம் பாடினார்கள், அதற்கடுத்த வருடமும் பாடினார்கள். வெங்காயத்துக்குப் பாடினார்கள், பருத்திக்குப் பாடினார்கள். நான் அந்த வரிசையில் குனிந்து, என்னைக் கவிழ்த்த பாட்டுக்கே களை வெட்டினேன்.

மனப்பாடம் செய்வதைவிட மறப்பது கஷ்டம். அதற்கப்புறம் எழுதிய பரீட்சையில் வேறு வாக்கியங்கள் வந்தன. அங்கேயும் பாட்டுதான் முதலில் ஓடியது. அதை அமுக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றும் இல்லை. மறுபடி போச்சு. வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. அத்தை மகன், அதே தெரு. அதே தெரு என்பதால் சரி என்றேன். வேறு ஊருக்குப் போனால் நாற்காலி போய்விடுமே.

சிநேகிதி துபாய்க்குப் போகிற சமயம் ஒரு கோணிப்பை நிறையக் காலி டப்பாக்களைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரி நீயே படித்துக்கொள் என்று சொல்லிவிட்டாளாம். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக்காரனுக்கா என்று கேட்டார். பிடுங்கி உள்ளே வைத்தேன். ஒரு பழைய அகராதியைக் கடன் வாங்கி, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகப் படித்தேன். அப்போதுதான் எனக்கு அந்தச் சொற்களின் குணம் பிடிபட்டது. காட்டுக்காரர் வாயைத் திறந்தால் வருவது மஸ்ட். அப்பா நாற்காலியைப் பற்றிச் சொல்வது ஷுட். ஆபீஸில் மனு கொடுத்தால் 'பார்க்கலாம், வரலாம்' என்கிறார்களே, அது மே. செய்திருக்கலாம், நடந்திருக்கலாம் என்று எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்கிறோமே, அதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. சாக்கில் எழுதியிருந்ததையும் அந்தச் சமயம்தான் படித்துப் புரிந்துகொண்டேன். மாஸ்டர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அர்த்தத்துக்குள்ளே போயிருந்தால் என்று வயிறு எரிந்தது.

அந்தத் தடவை பாஸ் பண்ணியிருப்பேன். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எனக்குத் தெரியும். ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் எனக்குப் பிரசவம் ஆனது, சொன்ன நாளுக்கு முன்கூட்டியே. அரியலூருக்குக் குண்டும் குழியுமான அந்த ரோட்டில் பச்சை உடம்போடு போகக்கூடாது என்று அம்மாவும் அத்தையும் சொன்னார்கள். நான் எழுந்து புடவை கட்டினேன். வாசல்படி தாண்டும்போது மயங்கி விழுந்தேன். அவ்வளவுதான். பழைய புத்தகத்தில் எழுத அதுவே கடைசித் தடவை. அடுத்து வந்தது புதுப் புத்தகம், புதுப் பாடம், புதுக் கேள்வி. மறுபடி அப்ளிகேஷன் வாங்கக் கை வரவில்லை. பால் பவுடர் டப்பாக்களில் அம்மா உப்பும் பருப்பும் போட்டு வைத்துக்கொண்டார்.

டீச்சர் ஓய்வு பெற்றது இரண்டாயிரத்து ஆறில். நாங்கள் எதிர்பார்த்ததைவிட ரொம்பத் தாமதம். அப்பா தலை நரைத்து, கிரஷர் தூசியில் இருமல் வந்து, வேலைக்குப் போவதை விட்டிருந்தார். என் மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றிய ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரியம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் மட்டுந்தான் போயிருக்கு, பாவம் என்றார். பாஸ் பண்ணியிருந்தால் உள்ளூர் என்று உங்களுக்கே வந்திருக்கும், இப்போது பக்கத்து ஊரிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்றார். ஆயா வேலையும் காலி, அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எழுதிக் குடுத்துடு என்று சொல்லிவிட்டு வெளியே போய் இருமினார்.

ஆர்டர் வந்தது. முதல் நாள் விடியலிலேயே போய் அறையைப் பெருக்கி, அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்தேன். புது டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னப் பெண். மீன்சுருட்டியில் பிறந்து பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். மரியாதையான பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அப்பா பற்றவைத்த கால் கொஞ்சம்கூட ஆடவில்லை.

பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு நான் கஞ்சியைக் கிண்டப் போனபோது அப்பா வந்தார். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை, அரியலூருக்கு என்னோடு வந்தபோது போட்டிருந்தது. ஆயா வேலைதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வந்தார். வரவேண்டும் என்று எத்தனையோ வருடத்துக்கு முன்னால் நினைத்திருந்தார், அதனால் வந்தார். உள்ளே போய் நாற்காலிக்கு முன்னால் நின்றார். வாங்கய்யா, என்ன வேணும் என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க டீச்சர். சும்மா பாக்கலாம்னு வந்தேன்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஓவென்று அழவேண்டும் போல இருந்தது, பிள்ளைகள் பயப்படுமே என்று அடக்கினேன். அவர் வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்தார்.

"அடி புடிக்கப் போவுதும்மா. கிண்டு."

தெருவில் இறங்கிப் போய்விட்டார். நான் கிண்டினேன். கரண்டி சுற்றச் சுற்ற வாய் தானாக அசைந்தது. மஸ்ட்டு, குட்டு, வென்ட்டு, மேயி. நாலாவதில் மறுபடி அதே தப்பு.